பண்ணைப் பள்ளியில் பாடம் நடத்துவது யார்?

‘பண்ணைப் பள்ளிக்கு வந்தால் எங்களையே பேச வைக்கிறீர்கள். என்ன மருந்து என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததே?’ என்று ராசிபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

இந்த முறை 1989-ல் இந்தோனேசியாவில் தொடங்கியது. அங்கே மருந்து அடிக்க அடிக்க நெல்லில் புகையான் பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகள் மருந்தில் செத்ததுதான் காரணம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வயலில் இறங்கிப் பார்த்தால்தான் நம்புவார்கள். அதற்காக வந்ததே வயல்வெளிப் பள்ளி.

ஐந்தைந்து பேராகப் பிரிந்து செடிகளைப் பார்ப்போம். சார்ட் தாளில் நடுவே செடி, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி என்று வரைவோம். குழுவுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் பேச வேண்டும். யாரும் குறுக்கே பேசக்கூடாது. நானும்தான்.

நம் பகுதி மரவள்ளியில் மாவுப்பூச்சி பரவியபோது இதன் அருமை தெரிந்தது. அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். ஆனால் கண்டபடி மருந்து அடித்தால் குளவியும் சாகும்.

“பூச்சியைப் பாத்துட்டுச் சும்மா நிக்கச் சொல்றீங்களா சார்? கடன் வாங்கினது நானுங்க” என்றார் ஒரு பெரியவர். நான் பதில் சொல்லவில்லை. களை வெட்டும் அம்மா ஒருவர், “சுருண்ட குருத்தைக் கிள்ளி எரிச்ச இடத்துல புதுத் துளிர் சுத்தமா வந்திருக்குதுங்க. சில பூச்சி பழுப்பா இறுகிக் கெடக்குது” என்றார். எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தோம். இறுகிக் கிடந்தவை குளவி முட்டையிட்ட பூச்சிகள். தினமும் காட்டில் குனிந்து நிற்பவர் அவர். கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அன்றுதான்.

பலர் மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். பெரியவர் அடித்தார். அவர் காடு, அவர் முடிவு. ஆனால் காடு முழுவதும் அடிக்காமல், பூச்சி மிகுந்த ஓரத்தில் மட்டும் அடித்தார்.

மருந்தின் பெயரை நான் சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டு வேறு பூச்சி வரும்; அன்று நான் மாறுதலாகிப் போயிருப்பேன். பார்க்கவும் கேட்கவும் பழகிய ஊர் அங்கேயே இருக்கும்.

உங்கள் ஊரில் பண்ணைப் பள்ளி வேண்டுமென்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அட்மா அலுவலரைக் கேளுங்கள். வரும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.