கொடுத்துக் காத்த ஈஸ்ட்

நார்வேயின் பெர்கனிலிருந்து வோஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். 1883-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை, ஃபியோர்டுகளின் ஓரத்திலேயே வளைந்து வளைந்து போகிறது. சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும்போதெல்லாம் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கருநீலத் தண்ணீர். நவம்பர் கடைசி என்பதால் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. வோஸ் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கான பீர் காய்ச்சப்போகிறார்கள். கூட நின்று வேலை செய்து கற்றுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வீட்டில் பீர் காய்ச்சிப் பழகுகிறவர்களில் பலர் டப்பாவில் வரும் மால்ட் பாகில்தான் தொடங்குகிறார்கள். பாகைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கான ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பாகையும் நாமே தானியத்திலிருந்து இறக்குவதுதான் அடுத்த படி. வோஸ் பண்ணைகளில் பீர் என்றாலே தானியம், தண்ணீர், விறகு, ஒரு பகல் முழுக்க உழைப்பு. முதல்முறை தானியத்திலிருந்து காய்ச்சுவதானால் இங்கேதான் காய்ச்ச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த மண்ணில் பீர் ஒரு காலத்தில் கடமையாகவே இருந்தது. மத்தியகால மேற்கு நார்வேயை ஆண்ட குலாதிங் சட்டம், கிறிஸ்துமஸ் திருநாளுக்குக் குடியானவர்கள் பீர் காய்ச்சியே ஆக வேண்டும் என்றது. தவறினால் அபராதம், தொடர்ந்து 3 ஆண்டு தவறினால் சொத்தே பறிபோகும். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. சொந்தத் தேவைக்கு வீட்டில் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, விற்கத்தான் கூடாது. கட்டாயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டியாயிற்று. பெரிய செப்புக் கொப்பரை நிறையத் தண்ணீர். அதில் முதலில் விழுந்தது தானியமல்ல, ஜூனிப்பர் கிளைகள். ஊசி இலைகளோடு அப்படியே வெட்டி வந்த பச்சைக் கிளைகள். சூடு ஏற ஏறத் தண்ணீர் மஞ்சள் பாய்ந்து, பிறகு தேன் நிறத்துக்கு வந்தது. கொட்டகை முழுக்கக் காட்டு வாசனை. பாத்திரங்களைக் கழுவவும் தானியத்தை ஊறவைக்கவும் பிறகு அலசி இறக்கவும் இந்த ஒரே தண்ணீர்தான்.

ஊறல் தொட்டியின் அடியில் இன்னும் சில ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பினோம். அதுதான் வடிகட்டி. அதன்மேல் உடைத்த பார்லி மால்ட் 50 கிலோ. வீட்டுக்காரர் வெந்நீரை ஊற்ற, நான் நீண்ட மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டினேன். கூழ் சீரானதும் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தார்: 68 டிகிரி. தலையை அசைத்துவிட்டு ஒரு கரண்டியை என்னிடம் நீட்டினார். வாயில் வைத்தால் வெறும் மாவு ருசி. தொட்டியை மூடிக் கம்பளி போர்த்தினோம்.

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து மறுபடி ஒரு கரண்டி கொடுத்தார். நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டும் இனிப்பு! யாரும் ஒரு பிடி சர்க்கரை சேர்க்கவில்லை. பார்லி முளைவிடும்போது, தன் குருத்துக்கு உணவூட்டுவதற்காக மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முளைத்த தானியத்தை உலர்த்தி மால்ட் ஆக்கும்போது அந்த வேலை பாதியில் நின்றுவிடும். 65 முதல் 70 டிகிரி வெந்நீர் பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சூடு 80-ஐத் தாண்டினால் நொதிகள் செத்துப்போகும். மிகவும் குறைந்தால் மாவு இளகாது. புத்தகத்தில் பலமுறை படித்த விஷயம்தான். நாக்கில் உணர்ந்தபோது உடல் சிலிர்த்தது. அந்த நொதிகளின் அமைலேஸ் என்ற பெயரைக் கேள்விப்படாத எத்தனையோ தலைமுறைகள், கையையும் நாவையும் நம்பியே இந்தக் குறுகிய வெப்ப இடைவெளியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அடிக்குழாயைத் திறந்ததும் முதலில் கலங்கலாக வந்தது. அதைத் திரும்ப மேலேயே ஊற்றினோம். சிறிது நேரத்தில் தானியப் படுகையே சல்லடையாக அமைந்து, சாறு தெளிந்து இறங்கியது. மேலே ஜூனிப்பர் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, கீழே சாறு நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. இதில் அவசரப்பட முடியாது. மிஞ்சிய சக்கை மாடுகளுக்குப் போனது.

பிறகு கொதி. பெரும்பாலான பீர்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கொதித்தால் போதும். வோஸில் நான்கு மணி நேரம் வரை விறகு தள்ளுகிறார்கள். கொப்பரையில் சாறு சுண்டச் சுண்ட அதன் நிறம் பொன்னிலிருந்து செம்பழுப்புக்கு மாறியது. ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டி இறக்கினார்கள். கசப்புக்கு அதுவும், வாசனைக்கு ஜூனிப்பரும். 150 லிட்டர் மிஞ்சியபோது அடுப்பை அணைத்தோம்.

இதன் பிறகு வந்ததைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போனேன். வழக்கமான ஏல் பீருக்குச் சாற்றை 20 டிகிரியை ஒட்டி ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். லாகர் பீருக்கு இன்னும் குளிர வேண்டும். இவர் 39 டிகிரியிலேயே நிறுத்திக்கொண்டார். உறைபெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே பழுப்பு வெள்ளையில், நகக்கண் அளவுச் சில்லுகளாக உலர்ந்த ஈஸ்ட். க்வைக் என்பது இதன் பெயர். கொஞ்சம் இளஞ்சூட்டுச் சாற்றில் போட்டார். ஓரங்கள் கரைந்தன, நடுவில் ஒரு குமிழி, பிறகு இரண்டு, பிறகு பாத்திரத்தின் விளிம்பெல்லாம் நுரை. அதைத் தொட்டியில் கொட்டும்போது வீட்டுக்காரர் அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டார். நானும் சேர்ந்து கத்தினேன். ஈஸ்ட் துடிப்பாக வேலை செய்யவும் தீய சக்திகள் அண்டாதிருக்கவும் இப்படிக் கத்துவது பழைய வழக்கம்.

நம் வீடுகளில் உறைமோரை எடுத்துவைப்பது போலத்தான் இங்கே க்வைக்கை எடுத்துவைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தொட்டியில் படிந்ததை வழித்து, உலர்த்தி, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள். முன்பு துளைபோட்ட மரக்கட்டையிலும், மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையத்திலும் தோய்த்துக் காயவைப்பார்களாம். யாருடையதாவது கெட்டுப்போனால் பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்கிவருவார்கள்.

1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்கும் வழியைக் கண்டார். பீர்த் தொழிலுக்கு அது பெரிய வரம். ஈஸ்ட் கடையில் கிடைக்கத் தொடங்கியதும் ஐரோப்பாவின் பண்ணை ஈஸ்டுகளில் மிகப்பல சத்தமில்லாமல் அழிந்தன. மேற்கு நார்வேயின் சில பள்ளத்தாக்குகளில் அவை தங்கின. லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற நார்வே ஆய்வாளர் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி இவற்றைப் பதிவுசெய்தார். மாதிரிகள் ஆய்வகங்களுக்குப் போயின. இவை மற்ற பீர் ஈஸ்டுகளிலிருந்து மரபணுவில் தனித்து நிற்கும் குழு என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பனி பெய்யும் நாட்டில் 40 டிகிரிச் சூட்டில் களித்து வேலை செய்யும் ஈஸ்ட்! சாறு இளஞ்சூடாக இருக்கும்போதே சேர்க்கும் வழக்கமும், உலர்த்தி மாதக்கணக்கில் வைக்கும் வழக்கமும் தலைமுறை தலைமுறையாக இதை வடித்தெடுத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காலை தொட்டியில் காதை வைத்தால் உள்ளே இரைச்சல். மூடியை மெல்ல நகர்த்தினால் ஒரு சாண் நுரை. இரண்டாம் நாள் முடிவதற்குள் அடங்கிவிட்டது. வாரக்கணக்கில் நடக்கும் வேலை இரண்டே நாளில்! பீரைப் பீப்பாய்க்கு மாற்றும் மாலையில் அக்கம்பக்கத்தார் வந்து அமர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம். வாயு அதிகமில்லை. ஆரஞ்சுத் தோலின் வாசம், பிறகு ஜூனிப்பர், கடைசியில் சுண்டிய மால்ட்டின் ஆழ்ந்த இனிப்பு. இனிப்பை நம்பி வேகமாகக் குடிக்கக் கூடாது. சாராயச் சத்து 8 சதவீதம்.

வோஸில் மோல்ஸ்டர்துனெட் என்ற பழைய பண்ணைத் தொகுப்பை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்த மரவீடுகள் அவசியம் பார்க்க வேண்டியவை. வீட்டைப் பூட்டி, கூரையைச் செப்பனிட்டுக் காப்பாற்றிவிடலாம். ஈஸ்டை அப்படிக் காப்பாற்ற முடியாது. யாராவது அவ்வப்போது காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பள்ளத்தாக்கில் காய்ச்சுகிறவர் ஒருவர்தான் மிச்சம் என்றால், ஒரே ஒரு முறை அவருடைய பொட்டலம் கெட்டாலும் அந்த வழி அதோடு முடிந்தது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் போய்க் கேட்கலாம். அன்று மாலையும் புதிதாக வழித்த ஈஸ்டில் ஒரு பங்கை ஓர் இளைஞன் தன் வீட்டுக்கு வாங்கிப்போனான். அவனுக்கும் இதுதான் முதல்முறை. இத்தனை நூற்றாண்டு இந்த உயிர் தப்பிவந்தது, அப்படிக் கேட்டவர்களுக்கு யாரும் 'இல்லை' என்று சொல்லாததால்தான்.