நெல்மணி கற்பித்த பாடம்

சீனன்குடாவிலே ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியனாக நான் பணியாற்றிய காலத்தில், பதினோராந் தர மாணவருக்குப் பிறப்புரிமையியல் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பாடநூலில் இருந்தது மெண்டலின் பட்டாணி. துறைமுகத்து மாவாலைக்குக் கோதுமை கப்பலில் வருவதை அறிந்த அம்மாணவர், பட்டாணிக் கொடியைக் கண்ணாற் கண்டவரல்லர். மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தை வாய்பாடு போல ஒப்புவித்தனர். எதனை எண்ணினால் அவ்விகிதம் பெறப்படும் என்று வினவியபோது வகுப்பு மௌனமாயிற்று.

தம்பலகாமத்து விவசாயி ஒருவரின் மகள் மட்டும் எழுந்தாள். "எங்கட வயலில நெல் பூக்கப்போகுது, சேர். அதில செய்து பார்க்க ஏலாதா?"

பல்கலைக்கழக மாணவனாகப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றிருந்தபோது, நெற்பூவில் கலப்புச் செய்யும் முறையைக் கண்டிருந்தேன். 1952இல் நிறுவப்பட்ட அந்நிலையத்திலேதான் எச் 4 முதலாக நாம் உண்ணும் நெல்லினங்கள் பல உருவாயின. அங்கு உருவான பிஜி 352 வெள்ளையரிசி, பச்சைப்பெருமாள் சிவப்பரிசி. முன்னதைத் தாயாகவும் பின்னதைத் தந்தையாகவும் கொண்டோம். பயிரை வேர்மண்ணோடு பெயர்த்துச் சட்டியில் வைத்து, மாலையில், மறுநாள் மலரவிருந்த பூக்களின் உமிநுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தக்கூடுகளையும் இடுக்கியால் அகற்றிக் கடதாசிப் பையால் மூடினோம். மறுநாள் முற்பகலில் அம்மாணவியே மகரந்தத்தைத் தூவினாள். சிவப்பு ஆட்சியான இயல்பு. ஆதலால் விளையும் மணி சிவப்பாயிருக்கும் என்று நான் உறுதி கூறினேன்.

ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் வெட்டிய உமியினூடே ஒன்பது மணிகள் தெரிந்தன. ஒன்பதும் வெள்ளை.

"பிழைச்சுப் போச்சா, சேர்?"

"எங்கோ கை தவறியிருக்கும்" என்று கூறிப் பாடத்தை முடித்தேன்.

சில வாரங்களின் பின் ஸ்ரோபெரியின் வரலாற்றை வாசிக்க நேர்ந்தது. 1714இல் பிரெசியே என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் சிலியிலிருந்து கப்பலிற் கொணர்ந்தவை பெண் செடிகள். பிரெஸ்ற் துறைமுகப் பகுதியிற் காய்க்காதிருந்த அவ்வினம், அயலில் வட அமெரிக்க இனம் நடப்பட்ட பின்னரே பெருங்கனி தந்தது. அக்கலப்பினத்தின் பிறப்பை 1766இல் டியூசேன் விளக்கினார். இன்று உலகம் உண்ணும் ஸ்ரோபெரி அதன் வழிவந்ததே. ஆயினும், கனியின் சதை தாயின் பூத்தளம். தந்தையின் பங்கு அதன்மீதுள்ள நுண்ணிய வித்துக்களுள்ளே மட்டும் உண்டு.

அவ்விடத்தில் நூலை மூடினேன். அரிசியின் நிறமும் தாயின் சூலகச்சுவர் தருவதன்றோ! வெள்ளைத் தாயின் மணி வெள்ளையாகவே இருக்கும்; தந்தையின் சிவப்பு அடுத்த தலைமுறையிலேயே வெளிப்படும். தவறியது மாணவியின் கையன்று, என் வாக்கு.

ஒன்பது மணிகளையும் பெரும்போகத்தில் விதைத்தேன். ஏழு முளைத்தன. டிசெம்பரிற் சாதாரண தரப் பரீட்சை எழுதி மாணவர் பிரிந்து சென்றனர். மாசியிற் கதிர்கள் முற்றின. உரித்துப் பார்த்தேன்: ஆறு செடிகளிற் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. அந்த ஒன்றிலேதான் மகரந்தக்கூடு அகற்றப்படாது தப்பியிருத்தல் வேண்டும்.

கதிர்களைக் கட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்குச் சென்றேன். உயர்தரத்திற் கலைப்பிரிவு படிக்கப் போவதாக அவள் கூறினாள். "எனக்கு விஞ்ஞானம் சரிவராது, சேர். கை நடுங்கிற்று." அவளுடைய தகப்பனாரின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். சிவந்த மணியொன்றை உள்ளங்கையில் வைத்து அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப மூண்டுக்கு ஒண்டு எப்ப வரும்?"

"இவற்றை விதைத்தால் அடுத்த போகத்திற் செடிசெடியாக எண்ணலாம்."

வரம்போரத்தில் ஒரு பாத்தியை ஒதுக்கித் தருவதாகத் தகப்பனார் சொன்னார். அவள் எப்பிரிவைத் தேர்ந்தாள் என்பதை நான் கேட்கவில்லை. சிறுபோகத்தின் முடிவில் அவளிடமிருந்து ஒரு தாள் வந்தது. அதிலே இரண்டே எண்கள் இருந்தன: சிவப்பு 61, வெள்ளை 19.

ஆசிரியராகவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: விடை பொய்த்ததெனத் தோன்றும்போது மாணவரின் கையை ஐயுறுமுன், நாம் கேட்ட வினாவை ஐயுறுவோமாக.