சப்பாத்து விலை

இலங்கையில் பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதே வழமை. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அதைக் குழப்பின. 2023இல் மார்ச் இறுதி வரை பிந்தியது. பிள்ளை ஒரு வகுப்பு ஏறுகிறது என்ற பூரிப்பும், செலவை நினைத்த பெருமூச்சும் எந்த ஊரிலும் உள்ளவைதாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு காலத்தில் அவற்றோடு அச்சமும் சேர்ந்திருந்தது.

2002 யுத்தநிறுத்தத்தின் பின் துப்பாக்கிகள் ஓய்ந்தன. விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்ப்பது ஓயவில்லை. சீருடை தைத்துக்கொடுத்த தாயே பிள்ளையை வீதியில் விடத் தயங்கினாள். வாவி கடந்து உறவினர் வீட்டில் விட்டுப் படிப்பித்தவர்களும் உண்டு. மண்முனையில் அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைதான். 2004 ஏப்ரலில் கருணா அணி கலைந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். பெற்றோருக்கு மகிழக்கூட அவகாசமில்லை. மீண்டும் கேட்டு வந்தார்கள். அவ்வாண்டு முடிவில் ஆழிப்பேரலை.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அண்மையில் கொக்கட்டிச்சோலையில் ஒரு தாய், மகளின் சப்பாத்து விலையைச் சொல்லி என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நியாயமான குறைதான். ஆனாலும் அந்தக் கரையில் அதைக் கேட்க எனக்கு ஆறுதலாகவே இருந்தது. 2004இல் அவருக்கு வயது 13. அவ்வாண்டு தகப்பன் அவரைப் பாடசாலைக்கு விடவேயில்லையாம்.