விளிம்பில் எழுதும் வேலை

திறந்தநிலைக் கல்வி மாணவர்களின் இடுபணிகளைத் திருத்தும்போது இனி ஆயத்தக் குறிப்புகளின் பட்டியலிலிருந்து ஒன்றைச் சொடுக்கினால் போதும் என்று சென்ற பருவத்தில் சுற்றறிக்கை வந்தது. ‘நல்ல முயற்சி’, ‘மேலும் விரிவாக்கவும்’, ‘மேற்கோள் முறையைச் சரிபார்க்கவும்’ என்ற வகைக் குறிப்புகள். அந்தப் பருவத்தோடு பகுதிநேரப் பயிற்றுநர் வேலையை விட்டுவிட்டேன். வயதும் ஆகிவிட்டது, அது வேறு. திருத்துவது என்ன வேலை என்று தெரியாதவர்கள் அதற்கு விதி எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் வழியைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் வெளிவளாகக் கல்வியாகத் திறந்தது. 2000இல் 11 அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை அமைத்தன. 2007இல் வாவாசான் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. யார் யாரெல்லாம் வந்தார்கள்! கிள்ளானில் இரவுப்பணி முடித்த தாதி, ஷா ஆலாம் தொழிற்சாலை மேற்பார்வையாளர், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை காலையில் கொமுட்டர் ரயில் பிடித்து, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்சில் குழுவாக உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள்.

ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. எங்கள் பாடத்தில் நேர்முக வகுப்பு 10 மணிதான். மீதி 110 மணி நேரமும் மாணவர் தனியாக இருக்கிறார். அந்தத் தனிமையில் பயிற்றுநர் அவரோடு பேசக் கிடைப்பது இடுபணித் தாளின் விளிம்பு மட்டுமே. அங்கே எழுதுவதுதான் கற்பித்தல். புள்ளி அதற்குப் பிறகு.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரே வெளிவளாகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். எல்லாரும் ஐயா என்றே கூப்பிடுவோம். மொடரேஷனுக்கு என் தாள்களை எடுத்தால் புள்ளியைக் கடைசியில்தான் பார்ப்பார். “புள்ளி சரிதான். இதைப் படிச்சிட்டு இந்தப் பிள்ளை அடுத்த இடுபணியில என்ன மாத்தணும்னு எங்க எழுதியிருக்கீங்க?” என்பார். ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் ஒரே தாளுக்கு ஒருவர் 54, மற்றவர் 71 போட்டிருந்தால் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து முடிக்க விடமாட்டார். இருவரும் தங்களை அப்படிப் போட வைத்த பத்தியை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கவேண்டும். பெரும்பாலும் ஒருவர் அந்தப் பத்தியையே கவனித்திருக்கமாட்டார். இறுதித் தேர்வுத் தாள்களை அவர் ஆள் ஆளாகத் திருத்தமாட்டார். முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் முடிப்பார், கட்டைக் கலைப்பார், பிறகு இரண்டாவது கேள்வி. முதல் விடையின் அழகு அடுத்த விடைக்குப் புள்ளி வாங்கித் தந்துவிடக் கூடாது.

கடினமானது நடுத்தரத் தாள். அரும்பெரும் தாளையும் வெறும் தாளையும் யாரும் திருத்திவிடலாம். பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவு பதினொன்றுக்கு மோடுல் என்ற பாடநூலைத் திறக்கிறவருக்குப் பெரும்பாலும் அந்த ஒரு நூல்தான் கதி. அதன் வாக்கியங்களையே சற்று மாற்றி எழுதித் தருவார். இது காப்பியா, கற்றலா? டர்னிட்டின் மென்பொருள் ஓர் ஒப்புமை விழுக்காட்டைக் காட்டும். அதில் கேள்வியின் சொற்களும் வரையறைகளும் நூற்பட்டியலும்கூடச் சேர்ந்திருக்கலாம். அந்த எண் எதையும் தீர்ப்பதில்லை.

ஐயாவின் வழி, உதாரணத்தைத் தேடுவது. ஓர் ஆசிரியை, குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயைப் பற்றி எழுதியிருந்தார். உயரமான கோப்பை, அகலமான கோப்பை, தண்ணீர், எல்லாம் மோடுலில் உள்ளபடியே. நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தன் முதலாம் ஆண்டு மாணவன் ஒரு ஐம்பது காசைவிட இரண்டு பத்துக் காசுதான் அதிகம் என்று சொல்கிறான், ஏனென்றால் அவை இரண்டு. அந்த வரி அவருடையது. வகுப்பறையில் நின்று பியாஜேயைப் பார்த்தவரால்தான் அதை எழுத முடியும். ரூப்ரிக்கில் ‘பொருத்தமான உதாரணம்’ என்று ஒரு புள்ளி இருந்தது, அவ்வளவுதான். விளிம்பில் எழுதினேன்: “இதிலிருந்து தொடங்குங்கள். அவனிடம் காசை மாற்றி வைத்துக் கேட்டு, அவன் சொல்லும் காரணத்தை அடுத்த இடுபணியில் எழுதுங்கள்.” அடுத்த இடுபணி அந்தப் பையனில் தொடங்கி, மோடுலை விட்டு வெகுதூரம் போயிருந்தது. ‘மேலும் விரிவாக்கவும்’ என்று சொடுக்கியிருந்தால் கோப்பையைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் வந்திருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் தாள்களும் வருகின்றன. மொழி சுத்தமாக இருக்கும், ஐம்பது காசுப் பையன் இருக்கமாட்டான். இளைய பயிற்றுநர்கள் மென்பொருள் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு மாணவரோடு சண்டை போடுகிறார்கள். ஐந்து நிமிடம் கைப்பேசியில் அழைத்து “உங்க வகுப்பில இதை எங்க பார்த்தீங்க?” என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லையாம். இயங்கலைக் கலந்துரையாடலுக்கு எத்தனை பதிவு என்று எண்ணிப் புள்ளி போடுகிறார்கள். ‘நானும் உடன்படுகிறேன்’ என்று மூன்று முறை எழுதியவருக்கு முழுப் புள்ளி.

பயிற்றுநரை மதிப்பிடுவது இதைவிட மோசம். பருவ முடிவில் ஐந்து நட்சத்திரக் கருத்துப் படிவம். பாதியில் விலகிப்போனவர் அதை நிரப்பப்போவதில்லை. அவர் ஏன் போனார் என்பதுதான் பயிற்றுநரையும் பாடத்தையும் பற்றி நமக்குத் தெரியவேண்டிய முதல் செய்தி. கறாராகக் குறிப்பு எழுதுகிறவருக்கு நட்சத்திரம் குறையும், கட்டு கட்டாக ‘நல்ல முயற்சி’ போடுகிறவருக்குக் கூடும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் திருத்திய தாள்களை எடுத்து, பயிற்றுநர் எழுதிய குறிப்புகளையே மதிப்பிடும் வழக்கத்தை வளர்த்தது. ஐயா எங்களுக்குச் செய்ததும் அதுதான். அவர் போனபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை.

பாடத்தின் குறையும் தாளில்தான் தெரியும். எல்லா மையத்து மாணவர்களும் ஒரே கேள்வியில் ஒரே விதமாகத் தவறினால் குற்றம் மாணவர்மேல் இல்லை. எங்கள் பாடத்தில் நான்காம் அலகைக் கேட்கும் இடுபணியின் கடைசித் தேதி அந்த அலகின் வகுப்புக்கு முன்பே வந்தது, அதுவும் ஆசிரியர்கள் தங்கள் பள்ளியில் ஆண்டிறுதிச் சோதனைத் தாள் திருத்தும் வாரத்தில். எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவமும் அதே அட்டவணை வந்தது.

மலேசியத் தகுதி முகமையிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். படிவங்களையும் விழுக்காடுகளையும் கோப்பில் அடுக்கிக் காட்டினால் அப்புறம் பார்ப்போம் என்று ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் மாணவரிடம் திரும்பிப்போன மூன்று நடுத்தரத் தாள்களைக் கேளுங்கள். அதே மாணவர்களின் அடுத்த இடுபணியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.