ஜாதவ்பூரில் கேட்ட செவிப் பாடம்

கல்கத்தாவின் ஸீல்தா நிலையத்தில் தென்திசை செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறி, பார்க் சர்க்கஸ், பாலிகஞ்ச், டாகுரியா ஆகிய நிலையங்களைக் கடந்தால் ஜாதவ்பூர் வந்துவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நம்மை முதலில் வரவேற்பது கண்ணுக்குரிய காட்சியன்று, காதுக்குரிய ஒலி. மீன் விற்பவர் ஒரு சுருதியில் கூவுவார்; பழம் விற்பவர் வேறொரு சுருதியில் பதில் கூறுவார். எட்டு-பி பேருந்து நிலையத்தில் வண்டி ஊர்ப் பெயர்களைச் சொல்லி ஆள் சேர்ப்பவரின் குரலோ, பழகிய பாட்டைப் போல் ஏறி இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கு இவையெல்லாம் வெறும் இரைச்சலாகத் தோன்றும். எங்களுக்கும் 1998ஆம் ஆண்டில் அவ்வாறே தோன்றிற்று.

உத்தியோக மாற்றத்தின் பொருட்டு என் தாயார், மனைவி, ஆறு வயது மகள் ஆகியோருடன் இவ்வூருக்குக் குடிவந்தேன். நம்மவர் பெரும்பாலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியே வாழ்வர். அங்கே காப்பிப் பொடியும் மல்லிகையும் முருங்கைக்காயும் கிடைக்கும். தமிழும் காதில் விழும். வாடகை குறைவு என்ற ஒரே காரணத்தால் நாங்கள் அதற்குத் தெற்கே ஜாதவ்பூரில் தங்கினோம். அந்தக் காரணம் எங்களுக்கு எவ்வளவு பெரிய செல்வத்தைத் தந்தது என்பதை அன்பர்களுக்குக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊரின் பெருமை

ஜாதவ்பூர் இரண்டு வகை மக்களால் வளர்ந்த ஊர். கற்க வந்தோர் ஒரு வகை. ஊரை இழந்து வந்தோர் மற்றொரு வகை.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் பயனாக, 1906இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றிற்று. அதன் கல்லூரிக்கு முதல் தலைவராக இருந்தவர் ஸ்ரீ அரவிந்தர். அக்கழகத்தின் வழித்தோன்றலே 1955இல் அமைந்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். கிரேக்கமும் லத்தீனும் பிரெஞ்சும் கற்றிருந்த அரவிந்தர், 1910இல் நம் புதுச்சேரிக்கு வந்து எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் அங்கேயே கழித்தார். வேதச் சொற்களைத் தாம் ஆராயப் புகுந்தபோது தமிழ்ச் சொற்கள் தமக்குப் புதிய வழிகளைக் காட்டின என்று அவரே எழுதியுள்ளார். வங்காளி ஒருவர் தமிழ்நாட்டில் அமர்ந்து வேதத்தின் ஒலியைத் தேடினார். தமிழர்களாகிய நாங்கள் வங்காளத்தில் அமர்ந்து அதனைத் தேட நேர்ந்தது.

பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. அது பௌபஜார் தெருவில் இருந்த காலத்தில்தான் நம் சி. வி. இராமன் 1928இல் தமது ஒளிச் சிதறல் ஆராய்ச்சியை நிறைவேற்றினார். ஒளியை ஆராயுமுன் அவர் ஒலியை ஆராய்ந்தவர். மிருதங்கமும் தபலாவும் மற்றத் தோற்கருவிகளைப் போலன்றி இனிய சுரங்களை எழுப்புவது எதனால் என்பதை இந்நகரிலேயே ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார். நுண்ணிய செவி படைத்தோருக்குக் கல்கத்தா என்றும் ஏற்ற ஊராகவே இருந்து வந்திருக்கிறது.

இரண்டாம் வகையினர், 1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்தில் வீடும் நிலமும் விட்டு வந்தவர்கள். யுத்த காலத்து இராணுவக் கொட்டகைகள் வெறுமையாய்க் கிடந்த இடத்தில் குடியேறி விஜயகட் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். பிறகு அதனைச் சுற்றிலும் பல குடியிருப்புகள் தோன்றின. நிலம் போயிற்று, பேச்சு மட்டும் உடன் வந்தது. மேற்கு வங்காளத்தார் 'ச' என்று சொல்லுமிடத்தில் இவர்கள் நாவில் 'ட்ஸ' என்ற ஒலி பிறக்கும்.

வாய் மூடிய குழந்தை

குடிவந்த மறு ஆண்டு சரஸ்வதி பூஜை வந்தது. வங்காளத்தில் அது வசந்த பஞ்சமியன்று நடைபெறும். அன்று குழந்தைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். அவை தேவியின் பாதத்தில் இருக்கும். சிறுமியர் மஞ்சள் புடைவை உடுத்திக் கையில் மலருடன் வரிசையாக நின்று, புரோகிதர் சொல்லச் சொல்லத் தாமும் மந்திரம் சொல்வார்கள். என் மகளும் சென்றாள். வீடு திரும்பியதும் தான் கற்றதைப் பாட்டியிடம் பெருமையுடன் ஒப்புவித்தாள்.

'நம' என்பது 'நொமோ' ஆயிற்று. 'லக்ஷ்மி' 'லொக்கி' ஆனாள். 'விஷ்ணு' 'பிஷ்ணு' ஆனார். என் தாயார் நாற்பது ஆண்டுகளாக விஷ்ணு ஸஹஸ்ரநாமம் பாராயணம் செய்து வந்தவர். அவரால் பொறுக்க முடியவில்லை. "இது மந்திரமா, மீன் கடைக் கூச்சலா?" என்று கேட்டுவிட்டார்.

குழந்தையின் முகம் வாடிற்று. அன்று முதல் விளக்கேற்றும் வேளையில் அவள் உதடு திறக்கவில்லை. நாங்கள் கெஞ்சினோம், என் தாயாரும் கெஞ்சினார். "எனக்குத் தெரியாது" என்பதே விடை. அயலூரில் வாழ்வோர் இதன் பொருளை நன்கு அறிவர். ஒரு குழந்தை தன் வீட்டு மொழியையோ தெரு மொழியையோ குறித்து வெட்கப்படத் தொடங்கிவிட்டால், இரண்டில் ஒன்றை அது விட்டுவிடும். பெரும்பாலும் வீட்டு மொழியைத்தான் விடும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற சம்ஸ்கிருத ஆசிரியர் ஒருவர் இருந்தார். தெருவார் அனைவருக்கும் அவர் 'மாஸ்டர்மொஷாய்'. நடந்ததை அவரிடம் தயக்கத்துடன் கூறினேன். அவர் சினம் கொள்ளவில்லை; சிரித்தார். "நான் சிறுவனாக அகதியாய் வந்தவன். பள்ளியில் நான் வாய் திறந்தாலே மற்றப் பிள்ளைகள் நகைப்பார்கள். இரண்டு மாதம் ஊமையைப் போல் இருந்தேன். உங்கள் மகளை நான் அறிவேன்" என்றார்.

மறுநாள் மாலை அவரே வீட்டுக்கு வந்து, "தீதீ, தாங்கள் பாராயணம் செய்வதைக் கேட்க வேண்டும்" என்று என் தாயாரை வேண்டினார். தீதீ என்றால் அக்கா. அம்மா சொல்லி முடிக்கும் வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கூறியதை நான் தமிழில் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன்: "தங்கள் 'ய'வும் 'வ'வும் 'ண'வும் அமுதம். எங்கள் நாவில் 'ய' 'ஜ' ஆகிவிடும், 'வ' 'ப' ஆகிவிடும், 'ண'வுக்கும் 'ந'வுக்கும் வேற்றுமை இராது. குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். ஆனால் முடிவில் பலச்ருதி என்றீர்களே, அதில் தாங்கள் கேட்டது பழமா, வலிமையா?"

அம்மா திகைத்தார். பயனைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து மூச்சுடன் கூடியது. வலிமையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து மூச்சின்றி அதிர்வது. தமிழில் இரண்டையும் 'பலம்' என்றே எழுதுகிறோம். வீமன் கையிலுள்ள கதையும் பாட்டி சொல்லும் கதையும் நமக்கு எழுத்தில் ஒன்றுதானே! இக்குறையை நீக்கவே நம் முன்னோர் வடமொழிக்கெனக் கிரந்த எழுத்தைக் கையாண்டனர். பிற்காலத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்டோர், எழுத்தின் அருகே 2, 3, 4 எனச் சிற்றெண் இட்டனர். அம்மாவின் பழைய புத்தகத்திலும் அவ்வெண்கள் இருந்தன. "இவை பக்கக் கணக்கு என்றல்லவா எண்ணியிருந்தேன்! பயன் கேட்க வேண்டிய இடத்தில் நாற்பது வருஷமாக வலிமை கேட்டிருக்கிறேன்" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் குழந்தை அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இருவரும் ஒரே வகுப்பில்

அன்று முதல் பாட்டியும் பேத்தியும் அவர் வீட்டு முற்றத்தில் ஒன்றாக மாணவர் ஆயினர். அவர் கற்பித்த முறை எளியது. உதட்டின் முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடிக்கச் சொல்வார். 'ப' என்றால் காகிதம் அசையக் கூடாது. மூச்சுடன் சொன்னால் அசைய வேண்டும். தொண்டையில் விரலை வைக்கச் சொல்வார். விரலின் கீழ் அதிர்வு இருந்தால் ஓர் எழுத்து, இல்லையேல் வேறோர் எழுத்து. அதிர்வும் மூச்சும் ஒருங்கே சேர்ந்தால் 'பீமன்', 'பாரதம்' என்பவற்றின் முதலெழுத்து சரியாகப் பிறக்கும். வங்காளக் குழந்தைகளுக்கு இது தாய்ப்பாலுடன் வருவது. அம்மாவுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அம்மாவும் வெறும் மாணவியாக இருக்கவில்லை. கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் கூறுவதை அவர் அறிவார். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு என விரலை நொடித்துப் பேத்திக்கு அளவு கற்பித்தார். கீழுதட்டில் பல் படிய 'வ' சொல்வதும், நாவை மடித்து 'ண' சொல்வதும் அவர் பொறுப்பு. மாஸ்டர்மொஷாயும் உடன் சொல்லிப் பார்த்து, வராதபோது தாமே நகைப்பார்.

இரு நாட்டாரும் ஒருசேர விழும் குழியும் ஒன்று உண்டு. வடமொழியில் சகரத்தைப் போன்ற ஒலிகள் மூன்று. வங்காளியின் நாவில் அவை பெரும்பாலும் ஒன்றாகிவிடும். நாமும் அவற்றைக் குழப்புவோம். தந்தை மகனுக்குக் கூறும் பழைய சுபாஷிதம் ஒன்று இதனைப் பரிகசிக்கிறது: இலக்கணம் படி, இல்லையேல் உன் சுற்றத்தார் நாய்க் கூட்டம் ஆவர், முழுமை துண்டு ஆகும் என்பது அதன் கருத்து. இச்சொற்களின் வேற்றுமை அந்த ஒலி ஒன்றே. குழந்தை இதைக் கேட்டு உருண்டு சிரித்தாள். அன்று மாலை விளக்கின் முன் தானே வாய் திறந்தாள்.

பாணினீய சிக்ஷை என்னும் நூல் கூறும் இரண்டு செய்திகளை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். பெண்புலி தன் குட்டியைப் பல்லால் கவ்வும்போது குட்டி விழவும் கூடாது, பல் பதியவும் கூடாது; எழுத்தையும் அவ்வாறே வாயில் ஏந்த வேண்டும் என்பது ஒன்று. இராகம் இழுப்பவன், விரைபவன், தலையை ஆட்டுபவன், எழுதியதைப் பார்த்துப் படிப்பவன், பொருள் அறியாதவன், குரல் தாழ்ந்தவன் ஆகிய அறுவரும் படிப்போருள் கடையர் என்பது மற்றொன்று. வேதம் பல நூற்றாண்டுகள் ஏடின்றிக் காதின் வழியாகவே காக்கப்பட்டது. அவ்வோதும் மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் மானிடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்ததும் அன்பர்கள் அறிந்ததே.

திறந்த செவிக்குத் திறந்த உலகம்

மந்திரத்துக்காகப் பழகிய செவி மந்திரத்தோடு நிற்கவில்லை. மகள் வளர்ந்து 2011இல் ஸ்பானிஷ் மொழி பயிலலானாள். பல்கலைக்கழகம் அருகிலிருக்க, அயல்மொழி ஆசை இவ்வூரில் எளிதில் தொற்றும். 1956இல் புத்ததேவ வசு அங்கே ஒப்பிலக்கியத் துறையைத் தோற்றுவித்தார். அத்துறையில் பணியாற்றிய மானவேந்திர வந்தியோபாத்யாயர் லத்தீன் அமெரிக்க எழுத்தாளர் பலரை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். அவர் 2020இல் மறைந்தார்.

முதல் வாரத்திலேயே மகள் ஓடிவந்து, "பாட்டி, ஸ்பானிஷிலும் நாய் வந்துவிட்டது!" என்றாள். அம்மொழியில் இடையின ரகரத்தால் 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். ரகரத்தை உருட்டி அழுத்தினால் நாய் என்று பொருள். "ரகரமும் றகரமும் நம்மிடம் இல்லையா? இதற்கா பயம்?" என்றார் பாட்டி. பிரெஞ்சு மொழியின் மூக்கொலி கடினம் என்பர். நாம் பேச்சில் 'வந்தான்' என்பதன் ஈற்றைச் சொல்வதைக் கவனித்தால், அது நம் வீட்டிலேயே இருப்பது புலனாகும். ஜப்பானியரின் உகரம் இதழ் குவியாத நம் குற்றியலுகரத்துக்கு உறவு. சீனமொழியின் ஓர் ஒலி நம் ழகரத்துக்கு அண்டை வீட்டுக்காரன். நம் நாவில் இத்தனை நாட்டு ஒலிகள் உறங்குவதைப் பிறமொழி கற்கும்போதுதான் அறிகிறோம். 34 மொழிகள் கற்ற ஹரிநாத் தே 1907இல் பெரிய நூலகத்தின் தலைமையை ஏற்றதும் இதே நகரில்தான்.

இறுதிப் பாடம்

2014ஆம் ஆண்டு மார்கழியில் அம்மா படுக்கையில் வீழ்ந்தார். மகள் அருகில் அமர்ந்து ஸஹஸ்ரநாமம் சொல்வாள். ஒருநாள் மாலை மாஸ்டர்மொஷாய் தடியூன்றி வந்தார். அவரும் உடன் சொல்லத் தொடங்கினார். துயரம் தொண்டையை அடைத்ததாலோ என்னவோ, கற்றுக் கற்பித்த திருத்தமெல்லாம் நழுவிச் சிறு வயதின் ஒலியே வந்தது. விஷ்ணு மீண்டும் பிஷ்ணு ஆனார். மகள் தயங்கிப் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மா கண் திறந்தார். "அவர் சரியாகத்தான் சொல்கிறார். நிறுத்த வேண்டாம் என்று சொல்" என்றார்.

இருவரும் இன்று இல்லை. அம்மாவின் புத்தகம் மகளிடம் இருக்கிறது. சிற்றெண்களின் அருகே வங்காள எழுத்தில் மாஸ்டர்மொஷாய் இட்ட குறிப்புகளும் அதில் இருக்கின்றன.

அயலூரில் குழந்தை வளர்க்கும் அன்பர்களுக்கு நான் கூற விழைவது இவ்வளவே. மந்திரமானாலும் வேற்று மொழியானாலும் ஏட்டினால் மட்டும் கற்பியாதீர்கள். நன்கு சொல்வார் ஒருவரைத் தேடிக் கேட்கச் செய்யுங்கள். பொருளையும் உடன் சொல்லுங்கள். பிழை கண்டால் திருத்துங்கள், நகையாதீர்கள். தெருவின் மொழியைக் குழந்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கதவைச் சாத்தாதீர்கள். நம் எழுத்தில் இல்லாத ஒலி அடுத்த வீட்டாரின் நாவில் இருக்கலாம். அவர் இழந்தது நம்மிடம் இருக்கலாம். ஒரு மாலை வேளை இரு வீட்டாரும் சேர்ந்து அமர்ந்தால் இரண்டும் இரு வீட்டுக்கும் கிடைக்கும்.