நாற்பது பேர் கேட்ட கச்சேரி

பர்மிங்காம்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று அப்பா சொன்னார். வலி குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவது அம்மாவின் வழக்கம். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பலமுறை கேட்டேன். திருச்சியில் நீங்கள் போட்ட ஷோவுக்கு முப்பது பேர்கூட வரவில்லை, அதிலும் பாதிப் பேர் கூடப் படித்தவர்கள், டிரம்ஸ் வாசிக்கிற பையன் வேலைக்காகப் பெங்களூரு கிளம்புகிறான், இனிமேல் எதற்கு இதெல்லாம் என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தச் சனி, ஞாயிறு மான்செஸ்டர் போயிருந்தேன். உனக்குச் சொல்ல வேண்டியது எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அந்த ஊர் நம் இருவருக்கும் எவ்வளவு நெருக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர், தி ஸ்மித்ஸ், ஒயாசிஸ் என்று ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காதாக நாம் கேட்டவர்கள் எல்லோரும் அந்த ஒரே ஊரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வளர்ந்தவர்கள். இங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

முதலில் போனது பீட்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள ஃப்ரீ டிரேட் ஹாலுக்கு. மணற்கல் வளைவுகளோடு அரண்மனை மாதிரி ஒரு முகப்பு. இப்போது அது ஹோட்டல். 1819 ஆகஸ்ட் 16 அன்று ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடிய செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்ட் மைதானம் இங்கேதான் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. பீட்டர்லூ படுகொலை என்று அதைச் சொல்கிறார்கள். அந்த நாளைச் சொல்லும் சிவப்புப் பலகை ஒன்று சுவரில் இருக்கிறது. 1966இல் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் அவரைத் துரோகி யூதாஸின் பெயரால் கூப்பிட்டதும் இதே கட்டடத்தில்தான்.

நான் தேடிப் போனது 1976 ஜூன் 4ஆம் தேதி மாலையை. ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்று இரண்டு கல்லூரி மாணவர்கள். லண்டன் பக்கம் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று ஒரு குழு வாசிப்பதைப் பத்திரிகையில் படித்துவிட்டு நேரில் போய்ப் பார்த்தார்கள். நம் ஊருக்கும் வாருங்கள் என்று கையோடு அழைத்தார்கள். இந்தக் கட்டடத்தின் மாடியில் இருந்த சின்ன அரங்கை வாடகைக்கு எடுத்தார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். பிற்காலத்தில் "நானும் அங்கே இருந்தேன்" என்று சொன்னவர்களைக் கூட்டினால் அந்த அரங்கு கொள்ளாது. ஆனால் உண்மையிலேயே வந்த அந்தச் சிலரில் பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள். ஹூக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அதுவரை அவர் பேஸைத் தொட்டது கிடையாது. அங்கிருந்துதான் ஜாய் டிவிஷன் தொடங்குகிறது. பின்னாளில் ஸ்மித்ஸின் பாடகரான மோரிஸ்ஸியும் அன்று வந்திருந்தார். டிவோட்டோவும் ஷெல்லியும் அடுத்த மாதம் அதே அரங்கில் பஸ்காக்ஸ் என்ற பெயரில் தாங்களே மேடையேறினார்கள்.

அந்த வாசலில் நின்றபோது உன் ஞாபகம்தான். உன் கணக்குப்படி அன்றைய கச்சேரி தோல்வி. நாற்பது பேருக்காக அரங்க வாடகை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஊரின் அடுத்த இருபது வருடப் பாட்டு அந்த ஒரு மாலையிலிருந்து வந்தது. முப்பது பேர்கூட வரவில்லை என்று சொன்னாயே, வந்தவர்களில் யார் எப்படிக் கேட்டார்கள் என்று நீ சொல்லவே இல்லை.

அங்கிருந்து சால்ஃபோர்டின் ஆர்ட்சல் பகுதியை நோக்கி நடந்தேன். சால்ஃபோர்ட் லாட்ஸ் கிளப் வாசலை நீ பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வாய். 'தி குயின் இஸ் டெட்' ஆல்பத்தின் உள்பக்கத்தில் ஸ்மித்ஸ் நால்வரும் நிற்கிற அதே செங்கல் கட்டடம், தலைக்கு மேல் கிளப்பின் பெயர். 1985 டிசம்பரில் ஸ்டீபன் ரைட் எடுத்த படம் அது. நான் போனபோதும் நாலைந்து பேர் அதே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இடம் படத்துக்காக வாழவில்லை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக 1900களின் தொடக்கத்தில் உண்டான மன்றம் அது, இன்றைக்கும் சிறுவர் சிறுமியருக்காக நடக்கிறது. ஹாலீஸ் குழுவின் கிரஹாம் நாஷ் சின்ன வயதில் இங்கே வந்து போன பையன்.

உள்ளே ஓர் அறையை ஸ்மித்ஸ் ரசிகர்களுக்கென்றே விட்டிருக்கிறார்கள். சுவர் கண்ணுக்கே தெரியவில்லை. தரையிலிருந்து மேல்கூரை வரை துண்டுச் சீட்டுகள், போட்டோக்கள், தபால் அட்டைகள். நிதானமாகப் படித்தேன். என்னென்னவோ மொழிகள், என்னென்னவோ நாடுகள். பள்ளியில் பேசத் துணையில்லாமல் இருந்த காலத்தில் இந்தப் பாட்டுகள்தான் துணை என்று ஒருவர். இறந்துபோன அண்ணனுக்காக வந்தேன், இது அவன் வர ஆசைப்பட்ட இடம் என்று இன்னொருவர். அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நானும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன், தமிழில். உன் பெயரும் என் பெயரும் ஊர் பெயரும் அதில் இருக்கின்றன.

மத்தியானம் விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்டுக்குப் போனேன். ஹாசியெண்டா கிளப் இருந்த இடம். ஃபேக்டரி ரெக்கார்ட்ஸும் நியூ ஆர்டரும் சேர்ந்து 1982 மே மாதம் திறந்தது. 1997இல் மூடினார்கள், 2002இல் இடித்தார்கள். இப்போது அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. முன்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் ஏமாற்றமாக இருந்திருக்கும். பின்னால் கால்வாய்க் கரைக்கு இறங்கிப் போ என்று ஒரு தோழி சொல்லியிருந்தாள். கார் நிறுத்தும் தளத்தின் சுவர் நெடுக உலோகத்தில் வெட்டிய எழுத்துகள். வருடவாரியாக அங்கே வாசித்தவர்களின் பெயர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே நடந்தேன். மடோனாவும் இங்கே மேடையேறியிருக்கிறார், 1984 ஜனவரியில்.

அந்த கிளப்பின் முதல் சில வருடங்கள் எப்படி இருந்தன தெரியுமா? பெரிய கூடம், பாதிக்கு மேல் காலி, குளிர் வேறு. நியூ ஆர்டர் ரெக்கார்ட் விற்று வந்த பணம் அங்கே கரைந்தது. எண்பதுகளின் பின்பாதியில்தான் கூட்டம் வந்தது. பிறகு வாசலில் வரிசை நின்றது. அந்தக் காலிக் கூடத்தைப் பார்த்து யாராவது பூட்டியிருந்தால் இந்தச் சுவருக்கு எழுதப் பெயர்களே இருந்திருக்காது.

பக்கத்திலேயே லிட்டில் பீட்டர் ஸ்ட்ரீட். ஜாய் டிவிஷன் ஒத்திகை பார்த்த இடம் அங்கே இருந்தது, பழைய ஆலைக் கட்டடம். இப்போது இல்லை. அதே தெருவில்தான் போர்ட்வாக் கிளப்பும் இருந்தது. 1991 ஆகஸ்டில் ஒயாசிஸ் அந்தப் பெயரோடு முதல் ஷோவை அங்கே வாசித்தது. ஐந்து வருடம் கழித்து நெப்வொர்த்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் அவர்களைக் கேட்டார்கள்.

உனக்கென்று எடுத்து வைத்த விஷயம் ஒன்று சொல்கிறேன், பேஸ் வாசிப்பவன் நீ. ஹூக்கின் பேஸ் ஏன் கிட்டார் மாதிரி மேல் ஸ்தாயியில் பாடுகிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். அவரிடம் இருந்தது மட்டமான ஆம்ப். பக்கத்தில் சம்னரின் கிட்டார் சத்தம் காதைப் பிளக்கும். கீழே வாசித்தால் தன் வாசிப்பு தனக்கே கேட்கவில்லை, அதனால் மேலே ஏறினார். ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் அதைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, அப்படியே வாசி என்றார். ஒத்திகையில் பாட்டு எழுதாத நேரமெல்லாம் இயன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாராம். மற்றவர்கள் போகிற போக்கில் வாசித்ததில் எது பாட்டாகும் என்று பொறுக்கி எடுப்பது அவர்தான். உங்கள் குழுவில் அந்த வேலையைச் செய்கிறவர் யார்?

இருட்டுவதற்குள் ஹல்ம் பகுதியில் உள்ள எப்பிங் வாக் பாலத்துக்குப் போய்விட்டேன். அகலமான சாலைக்கு மேல் ஒரு நடைபாலம், அவ்வளவுதான். 1979 ஜனவரி 6 அன்று பனி கொட்டிக் கிடந்த இந்தப் பாலத்தில் கெவின் கம்மின்ஸ் ஜாய் டிவிஷனைப் படமெடுத்தார். உன் அறைச் சுவரில் இருக்கிற படம். படத்தில் நாலு பேரும் தூரத்தில் சின்ன உருவங்களாக நிற்பார்கள், மீதியெல்லாம் பனியும் வானமும். நான் போனபோது குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் என்னைக் கடந்து போனார். ஒரு பையன் சைக்கிளில் போனான். கீழே கார்கள். யாருக்கும் அது புனிதத் தலம் இல்லை, கடைக்குப் போகிற வழி. எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிறு காலை மேக்கிள்ஸ்ஃபீல்ட். பிக்காடிலி ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் ஸ்டாக்போர்ட் வரும். 'அன்னோன் பிளஷர்ஸ்' பதிவான ஸ்ட்ராபெரி ஸ்டுடியோஸ் இருந்த ஊர். கல்லறைத் தோட்டத்தில் இயனின் கல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடைபாதை ஓரத்தில் தரையோடு தரையாக, முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கல். பெயர், 18-5-80 என்ற தேதி, அவருடைய பாட்டொன்றின் தலைப்பு. முதலில் இருந்த கல்லை 2008இல் யாரோ திருடிவிட்டார்கள், இது பிறகு வைத்தது. அதன் மேல் கிட்டார் பிக்குகள், நாணயங்கள், மழையில் மை கரைந்த ஒரு கடிதம்.

இருபத்து மூன்று வயது, தம்பி. உன் வயது. அதே ஊரில், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித்தரும் அரசு வேலையில் இருந்தவர். வலிப்பு நோய் வந்து, மருந்தோடும் மேடையோடும் போராடி, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப இருந்த நேரத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் என்ன எழுதினார் என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை, அதெல்லாம் பாட்டு என்று நினைத்துவிட்டோம் என்று குழுவில் இருந்தவர்களே பின்னால் சொன்னார்கள். கெட்டவர்கள் இல்லை. இருபது சொச்சம் வயதுப் பையன்கள், பக்கத்திலேயே நின்று வாசித்தவர்கள், அவர்களுக்கே கேட்கவில்லை.

அந்தக் கல் முன்னால் நெடுநேரம் நின்றேன். உன் வாய்ஸ் மெசேஜின் கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "ஒண்ணும் இல்லக்கா" என்றாயே, அதை நான் கேட்டேன். ஒன்றும் இல்லாமல் இருந்தால் சந்தோஷம். இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. எனக்கு இரவு ட்யூட்டியா, தூக்கமா என்றெல்லாம் பார்க்காதே. அப்பாவிடமும் பேசலாம், நீ நினைப்பதைவிட அவருக்குப் புரியும்.

மான்செஸ்டர் திரும்பி வந்து ரயிலுக்கு முன் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரீனாவில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். பாட்டுக் கேட்கப் போன குழந்தைகளும் அவர்களில் உண்டு. மூன்றாம் நாள் இந்தச் சதுக்கத்தில் ஒரு நிமிட மௌனம் முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண் தானாக ஒயாசிஸின் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாடத் தொடங்கினார். மெல்ல மெல்லச் சதுக்கமே சேர்ந்துகொண்டது. மைக் இல்லை, மேடை இல்லை. பர்னேஜ் பகுதியின் சாதாரண வீடொன்றில் வளர்ந்த ஒருவர் எழுதிய பாட்டு, அழத் தெரியாமல் நின்ற ஊருக்குக் குரல் கொடுத்தது. எழுதியபோது நோயல் கேலகருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பாட்டு எங்கே போய் யாருக்கு உதவும் என்பது அதை உண்டாக்குகிறவர் கையில் இல்லை. உண்டாக்குவது மட்டும்தான் அவர் கையில்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பஸ்காக்ஸ் தங்கள் முதல் ரெக்கார்டை எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தாங்களே போட்டார்கள். ஷெல்லியின் அப்பாவும் நண்பர்களும் கொடுத்த ஏறத்தாழ 500 பவுண்டு கடன், 1976 டிசம்பரில் ஒரே நாள் பதிவு, அடுத்த மாதம் கடையில். டிரம்ஸ் பையன் பெங்களூரு கிளம்புவதற்கு முன் நீங்களும் ஒரு நாள் ஸ்டுடியோ எடுத்து, கையில் இருக்கிற நாலு பாட்டையும் பதிந்துவிடுங்கள். செலவுக்கு 20,000 ரூபாய் அனுப்புகிறேன். கடன்தான், ஆனால் அவசரம் இல்லை. அவன் போனபிறகும் பெங்களூரு ஓர் இரவு ரயில் தூரம்தான்.

அப்புறம், அன்று வந்தவர்களில் உங்கள் கல்லூரிக்காரர்கள் அல்லாத அந்தப் பதினைந்து பேர் யார் என்று விசாரி. காசு கொடுத்து, தெரியாத பையன்கள் வாசிப்பதைக் கேட்க ஒரு சாயங்காலம் வந்திருக்கிறார்கள். அடுத்த ஷோவுக்கு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. பதிவு முடிந்ததும் முதல் காப்பி எனக்கு வர வேண்டும், மிக்ஸிங் முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா