கை தொடாமல் நகரும் கர்சர்

திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவ அரசகுலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியும் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. இக்கல்வெட்டுகளை 1930களில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொகுதிகளாக வெளியிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு அப்பணியில் பெரும்பங்கு வகித்தது. அத்தொகுதிகளின் வாசகங்களை மடிக்கணினியில் ஏற்றி ஒப்பிட்டு ஆராய்வது இன்றைய மாணவர்களின் வேலை.

திருப்பதி விடுதி ஒன்றில் தங்கி அவ்வேலையைச் செய்துவந்த சித்தூர் மாணவி ஒருவரின் கோப்பில் விந்தையான பிழைகள் தென்பட்டன. ஒரு தானத்தின் ஆட்சியாண்டில் 14 என்பது 141 ஆகியிருந்தது. ஒரு கல்வெட்டின் இறுதிச் சொற்கள் நான்கு வரி மேலே, வேறொரு கல்வெட்டின் நடுவே கிடந்தன. அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரையில் கர்சர் தானாக நடுங்கியது. சில வேளை பக்கத்தின் மறுகோடிக்குத் தாவியது. வைரஸ் என்றனர் தோழியர். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

விடுமுறையில் சித்தூர் வீட்டுக்குச் சென்றபோது அதே கணினி அமைதியாக வேலை செய்தது. பழுதுபார்க்கும் கடைக்காரர் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “மேடம், அங்க சார்ஜரை எந்த பிளக்ல போடுறீங்க?” விடுதி அறையில் மூன்று முள் செருகி பொருந்தாததால், இரண்டு முள் கொண்ட இணைப்பான் ஒன்றின் வழியே சார்ஜர் மாட்டப்பட்டிருந்தது. மூன்றாவது முள்ளுக்கு, அதாவது எர்த் இணைப்புக்கு, அங்கே வழியே இல்லை.

டச்பேடின் இயக்கத்தை அறிந்தால் இக்கேள்வியின் பொருள் விளங்கும். அதன் பரப்புக்கு அடியில் மின்கடத்தும் கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அங்குள்ள மின்தேக்குதிறன் மிகச் சிறிய அளவில் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே விரல் இருக்கும் இடம் கணிக்கப்படுகிறது. சார்ஜருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் 230 வோல்ட் பக்கத்திலிருந்து நுண்ணிய கசிவு மின்னோட்டத்தைக் கணினியின் உடலுக்குக் கடத்துகின்றன. எர்த் இருந்தால் அது நிலத்துக்கு இறங்கிவிடும். இல்லையேல் கணினியின் உடலிலேயே தங்கும். உலோக விளிம்பைத் தடவும்போது உணரப்படும் மெல்லிய கூச்சத்தின் மூலம் இதுவே. அந்த இரைச்சலையும் விரலின் அசைவையும் டச்பேடால் பிரித்தறிய முடிவதில்லை.

எனவே முதல் சோதனை எளிது: சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுக்கம் நின்றால் குறை சார்ஜரிலோ எர்த்திலோ உள்ளது. நிற்காவிட்டால் டச்பேடை உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஈரமும் வியர்வையும் போலித் தொடுகையாகப் பதிவாகும். பின்னர் வெளி மவுஸைக் கழற்ற வேண்டும். கண்ணாடி மேசையிலும், ஒரு முடி ஒட்டிய சென்சாரிலும் அது தடுமாறும். அடுத்து டச்பேடை அணைத்துவிட்டு மவுஸால் மட்டும் இயக்கலாம். தொடுதிரை இருந்தால் அதையும் அணைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே விதி. இரண்டை ஒருசேர மாற்றினால் பிழை நீங்கும். காரணம் தெரியாமலே போகும்.

இரண்டு நிலைகளில் சோதனையைத் தொடரக் கூடாது. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ, அடியிலுள்ள லித்தியம் பேட்டரி வீங்கி அழுத்திக்கொண்டிருக்கலாம். உடனே கணினியை அணைத்து, மீண்டும் சார்ஜ் ஏற்றாமல், பேட்டரியைக் குத்தாமல், பழுதுபார்ப்பவரிடம் சேர்க்க வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடியது. மற்றொன்று: கர்சர் நடுங்காமல், குறிப்பறிந்து சாளரங்களைத் திறந்து பொத்தான்களை அழுத்துமானால் வேறொருவர் தொலைவிலிருந்து இயக்குகிறார் என்று ஐயுறலாம். முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு எர்த் உள்ள மின்செருகுவாயும் மூன்று முள் வடமுமே தீர்வாயின. கர்சர் அடங்கியது. ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை.

ஓலைச்சுவடியைப் படியெடுத்தவன் கண் ஒரு வரியிலிருந்து மற்றொரு வரிக்குத் தாவியதால் நேர்ந்த பிழைகளைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். எழுதியவனின் பழக்கத்தையும் எழுத்துகளின் வடிவ ஒற்றுமையையும் கொண்டு அப்பிழைகளை ஊகித்துத் திருத்த முடிகிறது. கர்சரின் தாவலுக்கு அத்தகைய தர்க்கம் இல்லை. போலித் தொடுகை ஒன்று கிளிக்காகப் பதிவானால் அடுத்த எழுத்து வேறிடத்தில் விழுகிறது. ஒரு தொடர் தேர்வாகிவிட்டால் அடுத்த விசை அதை அழித்தேவிடுகிறது. புள்ளி ஒன்று அழிந்தால் சொல் சிதையும், கண்ணுக்குப் படும். எண் ஒன்று மாறினால் எந்தப் பிழைதிருத்தியும் சொல்லாது. தவறான ஆண்டு அட்டவணைக்கும், அங்கிருந்து முடிவுரைக்கும், பிறரது மேற்கோளுக்கும் செல்லும்.

ஆகவே கர்சர் தடுமாறிய நாள்களில் தட்டச்சான பக்கங்களை அவர் தனியே பிரித்தார். ஒருவர் தொகுதியை உரக்க வாசிக்க, மற்றொருவர் திரையைப் பார்த்து எண்களைச் சரிபார்த்தனர். மின்செருகியை மாற்ற ஒரு நாள் போதுமாயிருந்தது. சரிபார்க்கப் பல வாரங்கள் ஆயின. கருவியின் பழுது நீங்கிய நாளும் தரவு நம்பத்தக்கதான நாளும் ஒன்றல்ல. ஆய்வேட்டில் கையொப்பமிடுபவர் பொறுப்பேற்பது இரண்டாவது நாளுக்குத்தான்.